ஒரு பில், இரண்டு சாட்சி

திருப்பூரில் பனியன் தைக்கும் ஒரு சிறு கம்பெனி, கோவை ஆலையில் ஒரு லட்ச ரூபாய்க்குப் பருத்தி நூல் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத ஜிஎஸ்டி, 5,000 ரூபாயையும் சேர்த்தே ஆலைக்குக் கொடுத்துவிடுகிறது. பனியனை ஒன்றரை லட்சத்துக்கு விற்கும்போது 7,500 ரூபாய் வரி வசூலாகிறது. முன்பு கொடுத்த 5,000 போக மீதி 2,500-ஐ அரசுக்குக் கட்டினால் போதும். இப்படிக் கழித்துக்கொள்வதைத்தான் வியாபாரிகள் ‘இன்புட் எடுப்பது’ என்கிறார்கள்.

அந்த 5,000 அரசின் கணக்குக்கு வந்ததா? காகிதக் காலத்தில் இதை அறிய, ஓர் அதிகாரி இரண்டு ஊர்க் கணக்கு நோட்டுகளையும் புரட்ட வேண்டும். எல்லா பில்லுக்கும் அப்படிப் பார்க்க ஆள் ஏது?

இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. மாதந்தோறும் கணக்குக் கொடுக்கும் ஆலை, தன் விற்பனை பில்களை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஏற்றுகிறது. 14-ஆம் தேதி பனியன் கம்பெனியின் கணக்கில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியல் தானாக வந்து நிற்கிறது. 20-ஆம் தேதிக்குள் அதை வைத்து வரி கட்ட வேண்டும். ஆலை பில் தொகையைக் குறைத்துக் காட்டினால் கம்பெனியின் இன்புட் குறையும். அதிகாரி கேட்கும் முன்பே கம்பெனிக்காரர் ஆலையைக் கேட்பார். விற்றவர் சொல்வதும் வாங்கியவர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

ஒத்துப்பார்க்க அடையாளம் பிசகக் கூடாது. ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலத்துக்கு; தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி எழுத்து, முன்னுள்ள பதினான்கையும் வைத்துக் கணக்குப்போட்டு வருவது. அடிக்கும்போது ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு உதைக்கும்.

விற்பவர் அரசின் கணினியில் பதிந்து எண் வாங்கும் மின்பில்லில் (இ-இன்வாய்ஸ்) இன்னொரு நுட்பம் இருக்கிறது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுவரவு உள்ளவர்களுக்கு வந்த இம்முறை, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கியது. பதிவாகும் ஒவ்வொரு பில்லுக்கும் 64 இடங்கள் கொண்ட ஓர் எண் கிடைக்கும். விற்றவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, பில் எண், நிதியாண்டு ஆகிய நான்கையும் ‘ஹேஷ்’ என்னும் கணக்கு அரைத்துத் தரும் எண் அது. தொகை அதில் சேர்வதில்லை. ஆகவே அதே பில் எண்ணில் தொகையை மட்டும் மாற்றி மறுபடி பதிய முயன்றால், பழைய எண்ணே வரும், கணினி ஏற்காது.

ஆனால் கணினிக்குத் தெரிவது பில்தான், நூல் மூட்டை அல்ல. சரக்கே நகராமல் பில் மட்டும் எழுதும் போலி நிறுவனங்களிடம் இரு பக்கக் கணக்கும் அழகாக ஒத்துப்போகும். அங்கே நேரில் போய்ப் பார்க்கும் அதிகாரிதான் வேண்டும்.

அதைவிட என்னை உறுத்துவது நேர்மையானவர் படும் பாடு. 2022 ஜனவரி முதல், விற்றவர் ஏற்றாத பில்லுக்கு வாங்கியவர் இன்புட் எடுக்க முடியாது. ஆலை அசட்டையாக இருந்தால், ஏற்கெனவே 5,000 கொடுத்த பனியன்காரர் இப்போது 2,500-க்குப் பதில் 7,500 கட்ட வேண்டும். சனிக்கிழமை கூலி கொடுக்க வைத்திருந்த பணம் அது.

அரசுக்கு மிச்சமாகும் உழைப்பு சிறு வியாபாரியின் தலையில் ஏறினால் அதைத் திறன் என்று சொல்ல முடியாது. 11-ஆம் தேதிக்குள் கணக்குக் கொடுக்காதவர் யார் என்பது 12-ஆம் தேதி காலையிலேயே கணினிக்குத் தெரியும். கேள்வி முதலில் அவரிடம் போகட்டும். அந்த 5,000 யார் கையில் இருக்கிறதோ, அவரிடம்.