ராத்திரி 2 மணிக்கு அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறது யாரு?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க: "படுக்கையில இருக்கிற அப்பா, அம்மா நம்மளைக் கேவலமாப் பேசினா என்ன செய்யறது?" இன்னைக்கு என் கதையையே சொல்றேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம். இடது கை, கால் விழுந்துடுச்சு. பேச்சு அப்படியே இருக்கு. படுக்கைப் புண் வராம இருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கணும். நான் திருப்பும்போதுதான் சொல்வார், "உங்க அண்ணன் பக்கத்துல இருந்திருந்தா எனக்கு இந்தக் கதியா?" அண்ணன் வெளிநாட்டில். மாசம் பிறந்தா பணம் வரும், கூடவே வாட்ஸ்அப்பில் உத்தரவும் வரும்.

பக்கவாதத்துக்குப் பிறகு மூளைப் பாதிப்பாலேயே மனச்சோர்வு, எரிச்சல் வரலாம். அதனால முதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க, சிகிச்சை இருக்கு. நானும் சொன்னேன். ஆனா எங்க அப்பாவோட வசவுக்கு என்னைவிட வயசு அதிகம்!

ரொம்ப நாள் கழிச்சுதான் ஒண்ணு புரிஞ்சது. அவரைப் பார்த்துக்கறது வேற, அவர் பேச்சை வாங்கிக்கறது வேற. "அப்பா, திட்டினீங்கன்னா வேலையை முடிச்சுட்டு வெளிய போயிடுவேன்"னு ஒருநாள் சொன்னேன். தண்ணியும் காலிங் பெல்லும் அவர் வலது கைக்கு எட்டுற இடத்துல இருக்கும். மருந்து, சாப்பாடு, திருப்பிப் படுக்க வைக்கிறது எதுவும் நிக்காது. பேச்சு மட்டும் நின்னுடும். முதல் வாரம் குற்ற உணர்ச்சியில எனக்குத் தூக்கமே வரல. அத்தை வேற போன் பண்ணி அழுதாங்க.

"பொண்ணு வீட்டோட இருக்கா, அவ செய்யட்டும்"னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, மகன், மகள் ரெண்டு பேரையுமே பொறுப்பாக்குது. ஒரு பிள்ளை மேல மட்டும் மனு வந்தா, அவர் மத்தவங்களையும் அதுல சேர்க்கச் சொல்லலாம். யாரோட பேசறதுன்னே தெரியலைன்னா, மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

நான் அவ்வளவு தூரம் போகல. ஒரு நோட்டுல ஒரு வாரம் எழுதினேன்: ராத்திரி 12, 2, 4, 6... ஒவ்வொரு முறையும் யார் எழுந்தாங்கன்னு. எல்லா வரியிலும் என் பேர். போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன். கீழே ஒரு வார்த்தைகூட எழுதல.

அண்ணன் மூணு நாள் பதில் போடல. நாலாவது நாள், ராத்திரிக்கு ஒரு ஆள் வைக்கத் தனியாப் பணம் அனுப்பினார்.

அந்தப் பையனை அப்பா "வாங்க தம்பி"ன்னுதான் கூப்பிடுறார். இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் திட்டல.