சொல்லாமல் விட்டதும் கணக்கில் சேரும்

சுங்கை பூலோவில் சிவப்பு விளக்கு விழுந்தால் மோட்டார் சைக்கிள்கள் கார்களின் இடுக்கில் புகுந்து முன்னால் வந்து நின்றுவிடும். அதே சாலையைக் கணினியில் வரைந்து 'சுமோ' மென்பொருளில் ஓட்டிப் பார்த்தால், அவை காருக்குப் பின்னால் சமர்த்தாக வரிசை பிடிக்கும்.

இது கோளாறு அல்ல. ஜெர்மானிய விண்வெளி மையம் 2001 முதல் வெளியிட்டுவரும் இந்தப் போக்குவரத்துப் பாவனை மென்பொருள், நாம் நிரப்பாத இடங்களைத் தானே நிரப்பிக்கொள்கிறது. வாகன வகையைக் குறிப்பிடாவிட்டால் எல்லாமே 5 மீட்டர் நீளக் கார். முன்வண்டிக்கும் அதற்கும் குறைந்தது 2.5 மீட்டர் இடைவெளி. மோட்டார் சைக்கிள் என்று குறிப்பிட்டாலும் போதாது. ஒரே தடத்துக்குள் பக்கவாட்டில் நழுவிச் செல்வதைத் தனியாகக் கேட்டால்தான் தரும். இடப்பக்கம் ஓட்டும் நாடு என்று சொல்ல மறந்தால், நம் சாலை ஜெர்மனிச் சாலையாகிவிடும்!

அதையாவது திரையில் பார்த்ததும் பிடித்துவிடலாம். மற்றவை எந்த எச்சரிக்கையும் தராமல், இல்லாத நெரிசலாக வந்து நிற்கும். அந்த எண்ணை நம்பிப் பச்சை விளக்கின் விநாடிகளைக் குறித்தால், காத்திருக்கப் போவது பாதசாரிகள்தான். ஆகவே இத்துறை மாணவர்கள், தாங்கள் கொடுக்காத மதிப்பு ஒவ்வொன்றையும் கையேட்டில் தேடியெடுத்து, சாலையோரம் நின்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அறிக்கையிலும் எழுதி வைக்க வேண்டும்.