ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு

எங்க தெருவில் ஒரு அக்கா. தினமும் அரக்கோணத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ராணிப்பேட்டை பக்கம் போய் ஷூ அப்பர் தைக்கிறாங்க. வீட்டுக்காரர் டேனரியில் வேலை. பொண்ணு பத்தாவது, பையன் ஏழாவது, ரெண்டு பேருமே அரசுப் பள்ளி. "பிள்ளைங்களுக்கு என்னென்னவோ பணம் வருதாமே, எங்களுக்கு எது தம்பி வரும்?"னு கேட்டாங்க. அதுக்காகத் தேடினதைத்தான் இங்கே எழுதுறேன்.

முதலில், பலருக்கும் தெரியாத ஒன்று. தோல் பதனிடுவோர், தோல் உரிப்போர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை 1977-78 முதல் இருக்கு. பத்தாம் வகுப்பு வரை, வீட்டிலிருந்து படித்தால் வருஷத்துக்கு ரூ.3,500. சாதி, மதம், வருமான வரம்பு எதுவும் கிடையாது. தொழிலுக்கான சான்று வேணும். ஆனா ஷூ தைப்பது இந்தப் பட்டியலில் இல்லை; டேனரி வேலை இருக்கு. ஆக, அக்கா சம்பளத்தைக் காட்டிப் பயனில்லை, வீட்டுக்காரர் வேலையைத்தான் காட்டணும்.

பையனுக்கு அடுத்த வருஷம் என்எம்எம்எஸ் தேர்வு. எட்டாம் வகுப்பில் மட்டும்தான் எழுத முடியும். குடும்ப வருமானம் ரூ.3.5 லட்சத்துக்குள் இருக்கணும். தேர்வானால் 9 முதல் 12 வரை வருஷத்துக்கு ரூ.12,000. பத்தாவதில் 60 சதவீதம் எடுத்தால்தான் தொடரும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு.

பொண்ணு விஷயத்தில்தான் சிக்கல். தாலிக்குத் தங்கம் கொடுத்த பழைய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தைத்தான் உயர்கல்விக்கு மாற்றி, 2022 செப்டம்பர் 5-இல் 'புதுமைப் பெண்' ஆக்கினாங்க. கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ எதில் சேர்ந்தாலும் மாதம் ரூ.1,000. 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் 'தமிழ்ப் புதல்வன்' வந்துருச்சு. நிபந்தனை ஒன்றுதான்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும் (பிறகு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களையும் சேர்த்தாங்க). மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அதே ஆறாம் வகுப்புக் கணக்குதான்.

இந்தப் பொண்ணு ஆறும் ஏழும் ஒரு மெட்ரிக் பள்ளியில். ஃபீஸ் கட்ட முடியாமல்தான் எட்டாவதில் மாற்றினாங்க. கல்வி உரிமைச் சட்ட இடத்தில் இலவசமாகப் படிச்சிருந்தால் விலக்கு கிடைத்திருக்கும். இவங்க காசு கட்டினாங்க, அதனால கிடைக்காது.

இதைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "கடன் வாங்கிக் கட்டினோமே தம்பி"ன்னாங்க.

ஒரு வழி மிச்சம் இருக்கு. அந்த வீட்டில் இதுவரை யாரும் பட்டதாரி இல்லை. முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பிச்சு வாங்கினால், அரசுக் கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை உண்டு. எந்தப் பள்ளியில் படிச்சாங்கன்னு அதில் கேட்க மாட்டாங்க.

உங்க பக்கத்து வீட்டில் அஞ்சாவது படிக்கிற பிள்ளை இருந்தால், பள்ளி மாற்றுவதற்கு முன்னாடி இதை ஒரு தடவை அவங்ககிட்ட சொல்லிடுங்க.