அரிசி மூட்டையும் ஒற்றர் கதையும்

ஒற்றர் கதை படிப்பது தேசகாரியங்களில் ஈடுபட்டவர்களுக்கு ஏற்றதன்று என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மைக் கடிந்துகொண்டார். நமது மேஜையின்மீது கிரஹாம் கிரீன் எழுதிய "அமைதியான அமெரிக்கன்" என்னும் ஆங்கில நாவல் கிடந்ததைக் கண்டதன் விளைவு அது. துப்பாக்கியும் கள்ளக் கடிதமும் மாறுவேஷமும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகுமேயன்றி, சர்க்கார் அறிக்கைகளையும் சட்டசபை விவாதங்களையும் படிக்க வேண்டியவர்களுக்கு ஆகாவென்பது அவருடைய கட்சி. நாம் அவருடன் முற்றும் மாறுபடுகிறோம். ஒரு ராஜ்யம் நிலைகுலைந்து விழுந்துகொண்டிருக்கும்போது அங்கே அன்னிய தேசத்தார் தானியமும் ஔஷதமும் கொண்டுவந்து இறங்குகிறார்கள். அவர்கள் நடுவே வேறு நோக்கமுடையோரும் வந்து இறங்குகிறார்கள். இவ்விரு சாராரையும் பிரித்தறிவது எங்ஙனம் என்ற கேள்விக்கு அறிக்கைகள் பல வருஷங்கள் கழித்தே விடை கூறின. நாவலாசிரியர்கள் முந்திக்கொண்டார்கள்.

கிரீன் 1951-ம் வருஷம் முதல் இந்தோ-சீனாவுக்குப் பன்முறை சென்றவர். பிரெஞ்சு ஏகாதிபத்தியம் அங்கே தன் கடைசி மூச்சை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் இரகசிய இலாகாவில் உத்தியோகம் பார்த்தவராதலால், எவன் எதை மறைக்கிறானென்று மோப்பம் பிடிப்பது அவருக்குப் பழகிய வித்தை. பென்-திரே என்னும் ஊரிலிருந்து ஸைகோனுக்குத் திரும்பும் வழியில் அமெரிக்கப் பொருளாதார உதவிக் கோஷ்டியைச் சேர்ந்த ஒருவர் அவருடன் மோட்டாரில் வந்தார். பிரெஞ்சுக்காரரையும் சாராமல், கம்யூனிஸ்டுகளையும் சாராமல், "மூன்றாவது சக்தி" ஒன்றை வியட்னாமில் உண்டாக்க வேண்டுமென்று அவர் வழிநெடுக உபந்நியாசம் செய்தாராம். அந்த யாத்திரையிலேயே நாவலின் கரு உதித்ததென்று கிரீன் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

1955-ல் வெளிவந்த அந்நாவலின் நாயகன் பைல் என்பவன், அதே உதவிக் கோஷ்டியில் உத்தியோகம் பார்க்கும் வாலிபன். நல்ல குடும்பத்துப் பிள்ளை. மது வெறியனல்லன், பேராசைக்காரனுமல்லன். புத்தகத்தில் படித்த ஒரு சித்தாந்தத்தை உயிருள்ள ஜனங்கள்மீது பரீட்சை பார்க்கத் துணிந்தது ஒன்றே அவன் செய்த குற்றம். தே என்னும் ஜெனரலே தான் தேடிய மூன்றாவது சக்தி என்று எண்ணி, வெடிமருந்துக்கு வேண்டிய பிளாஸ்டிக்கை அவனுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறான். நகரத்தின் நடுச் சதுக்கத்தில் ஜனங்கள் சாமான் வாங்கும் நேரத்தில் வெடி வெடிக்கிறது. பெண்களும் குழந்தைகளும் சிதறிக் கிடக்கும் இடத்தில் பைல் வந்து நிற்கிறான். அன்று ராணுவ அணிவகுப்பு நடக்குமென்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும், அது ரத்தானது தெரியாதென்றும் சொல்கிறான். தன் பாதரக்ஷையில் ஒட்டிய ஈரத்தைப் பார்த்து இது என்னவென்று கேட்கிறான். இரத்தமென்று பதில் வந்ததும், மந்திரியைப் பார்க்கப் போகுமுன் அதைத் துடைக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறான். தர்மம் செய்ய வந்தவனுடைய மனம் எவ்வளவு தூரம் மரத்துப்போகக்கூடும் என்பதை இந்த ஒரு கவலையைவிடத் தெளிவாகக் காட்டும் கட்டம் வேறொன்றை நாம் படித்ததில்லை.

இது வெறும் கற்பனையென்று நண்பர் சொல்லக்கூடும். 1952-ம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி ஸைகோன் நடுவே உண்மையாகவே மோட்டார் வண்டிகளில் வெடிகள் வெடித்தன. திரின் மின் தே என்னும் பெயருடைய தளபதி ஒருவரும் உண்மையாகவே இருந்தார். அவர் காவோ-தாய் மதக் கூட்டத்தாரின் சேனையிலிருந்து 1951-ல் பிரிந்துசென்று தனிப்படை வைத்தவர். 1955 மே மாதம் ஸைகோன் தெருச் சண்டையில் மாண்டார். அந்த வெடியில் அமெரிக்கருடைய கை இருந்ததென்ற கிரீனின் சந்தேகம் இன்றளவும் ருசுவாகவில்லை. ஆயினும் அதன்பின் நடந்தது விசித்திரமானது. நாவலை மான்கீவிச் என்னும் ஹாலிவுட் டைரக்டர் படமாக்க முனைந்தபோது, ஸைகோனில் அமெரிக்க ஒற்றர் இலாகாவின் காரியங்களை நடத்திவந்த எட்வர்ட் லான்ஸ்டேல் 1956-ல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த வெடியைத் தாமே வைத்ததாக ஜெனரல் தே ரேடியோவில் உரிமை கொண்டாடியதை அதில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, படத்தில் கம்யூனிஸ்டுகளே அதைச் செய்ததாகக் காட்டிவிடலாமென்றும் யோசனை கூறினார்! 1958-ல் வெளியான படமும் அவ்விதமே அமெரிக்கனைக் குற்றமற்றவனாக்கியது. பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் செய்வதற்காக ஆயிற்று. கிரீன் சீறினார். 2002-ல் மறுபடி எடுத்த படம் நாவலை ஓரளவு மதித்தது. ஆனால் 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் நேர்ந்த நாசத்தின் காரணமாக, அமெரிக்க ஜனங்கள் பொறுக்கமாட்டார்களென்று அதன் வெளியீட்டைத் தாமதப்படுத்தினார்கள்.

நீதி ஸ்தலங்களில் பழகியவர்கள் கேள்விச் சாட்சியத்தை ஏற்கமாட்டார்கள். நாவல் என்பது கேள்விச் சாட்சியத்திலும் ஒருபடி தாழ்ந்தது. எதிர்க்கட்சிக்காரன் தன் வாயால் செய்யும் ஒப்புதலோ வேறு வகுப்பைச் சேர்ந்தது. அத்தகைய ஒப்புதல் ஒன்று லாவோஸ் தேசத்தைப் பற்றி உண்டு.

லாவோஸ் நடுநிலை தேசமாக இருக்க வேண்டுமென்றும், அன்னியப் படைகள் அனைத்தும் வெளியேற வேண்டுமென்றும் 1962 ஜூலையில் ஜினிவாவில் பல வல்லரசுகள் கையொப்பமிட்டன. உடன்படிக்கையை மேற்பார்த்த சர்வதேசக் கமிஷனுக்குத் தலைமை வகித்தது நமது இந்தியாவே. வட வியட்னாமியர் தங்கள் படைகளை முழுதும் விலக்கவில்லை. அமெரிக்கரோ தங்கள் படையாட்களுக்கு வேறு உடை மாட்டினார்கள். 1961-ல் ஜனாதிபதி கென்னடி ஸ்தாபித்த சர்வதேச அபிவிருத்தி ஏஜன்சியின் பெயரால் லாவோஸில் காரியாலயங்கள் ஏற்பட்டன. அவற்றுள் ஒன்றுக்குத் "தேவைகள் அலுவலகம்" என்று பெயர். கலப்பையோ காகிதமோ வாங்கித் தரும் இடமென்று எவரும் நினைப்பர். உண்மையில் ராணுவத் தளவாடங்களைப் பங்கிட்ட இடம் அது. மலைகளில் வாழ்ந்த மோங் ஜாதியாரைக் கொண்டு சி.ஐ.ஏ. என்னும் ஒற்றர் இலாகா ஒரு சேனை திரட்டியது. ஆண்கள் சண்டைக்குப் போனமையால் மலைவயல்கள் தரிசாயின. ஏர் அமெரிக்கா என்ற விமானக் கம்பெனி மேலிருந்து அரிசி மூட்டைகளைப் போட்டு அவர்கள் குடும்பங்களுக்குச் சோறளித்தது. அந்தக் கம்பெனியும் இலாகாவுக்குச் சொந்தமானதே. அதன் விமானிகள் வெடிகுண்டுகளுக்கும் தோட்டாக்களுக்கும் "கெட்டி அரிசி" என்று பெயரிட்டிருந்தார்கள். பசிக்குப் போட்ட அரிசியும் போருக்குப் போட்ட அரிசியும் ஒரே வானத்திலிருந்து விழுந்தன.

1970 ஜூன் மாதத்தில் அந்த ஏஜன்சியின் தலைவரான ஜான் ஹன்னா, லாவோஸில் தமது ஸ்தாபனம் ஒற்றர் இலாகாவுக்குத் திரையாக உபயோகப்படுகிறதென்று ரேடியோ பேட்டியில் ஒப்புக்கொண்டார். 1962-லேயே அவ்விதம் தீர்மானிக்கப்பட்டதென்றும் சொன்னார். கிரீனின் நாவலுக்கும் இந்த ஒப்புதலுக்கும் இடையே பதினைந்து வருஷங்கள். 1975-ல் அந்த ராஜ்யம் விழுந்தபோது மேலதிகாரிகள் விமானமேறினர். அரிசியை நம்பிச் சேனையில் சேர்ந்த மோங் ஜனங்களில் பலர் மேக்கோங் நதியைக் கடந்து தாய்லாந்து முகாம்களில் அடைக்கலம் தேட நேர்ந்தது.

ஆப்பிரிக்காவில் பியாஃப்ரா யுத்தம், 1967 முதல் 1970 ஜனவரி வரை, இன்னொரு விதமான பாடம். நைஜீரியாவிலிருந்து பிரிந்த அச்சிறு நாடு முற்றுகைக்குள் பட்டினியால் மடிந்தது. ஊலி என்ற இடத்தில் சாலையை அகலமாக்கி அமைத்த ஒரே ஓடுதளத்தில், இருளில், கிறிஸ்தவ தர்ம ஸ்தாபனங்களின் உணவு விமானங்களும் ஆயுதம் கொணர்ந்த விமானங்களும் அடுத்தடுத்து இறங்கின. எதில் பால்மாவு, எதில் துப்பாக்கி என்று கீழிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்? 1969 ஜூன் 5-ந் தேதி செஞ்சிலுவைச் சங்க விமானமொன்றை நைஜீரிய யுத்த விமானம் சுட்டு வீழ்த்தியது. அங்கே நிருபராயிருந்த பிரடெரிக் ஃபோர்ஸைத் பிற்பாடு ஒற்றர் நாவல்களால் உலகப் பிரசித்தி அடைந்தவர். பியாஃப்ராவிலிருந்தபோதே தாம் பிரிட்டிஷ் இரகசிய இலாகாவுக்குச் செய்தி அனுப்பிவந்ததை 2015-ல் எழுதிய சுயசரிதத்தில்தான் வெளியிட்டார். ஆக, நாவலாசிரியரும் முழுச் சுத்தமான சாட்சியல்லர். கிரீனும் லெ காரேயும் அதே பள்ளியில் பயின்றவர்களே.

ஆயினும் லெ காரேயைப் பற்றி ஒரு வார்த்தை தனியே சொல்ல வேண்டும். கம்போடியா 1974-ல் விழுந்துகொண்டிருந்தபோது, நாவலுக்காகச் செய்தி திரட்ட அவர் நாம்-பென் நகரத்துக்குப் போனார். அங்கே இவெட் பியேர்பவோலி என்ற பிரெஞ்சு மாதைச் சந்தித்தார். வியாபாரம் செய்துகொண்டே, கிடைத்த வழியிலெல்லாம் குழந்தைகளுக்குச் சோறு தேடியவள் அந்த அம்மாள். பிற்காலத்தில் அகதிகளின் ஊழியத்துக்கே தன்னை ஒப்புவித்தாள். 1999 ஏப்ரலில் கொசோவோ அகதிகளுக்காக அல்பேனியா மலைச்சாலையில் சென்றபோது மோட்டார் பள்ளத்தில் விழுந்து இறந்தாள். 2001-ல் வெளிவந்த "இடைவிடாத தோட்டக்காரன்" என்ற நாவலை அவர் அந்த மாதுக்குச் சமர்ப்பணம் செய்தார். அதில் குற்றவாளி ஒற்றனல்லன், மருந்துக் கம்பெனி. கென்யாவின் ஏழைகள்மீது மருந்தைப் பரீட்சை பார்த்த கதையைத் தேடிச்செல்பவன் முடிவில் தெற்கு ஸூடானின் உணவு முகாமொன்றை அடைகிறான். அங்கே ஒளிந்திருக்கிறான், குற்றத்தில் பங்குகொண்ட வைத்தியன், பட்டினி ஜனங்களுக்குத் தானியம் பங்கிட்டுக்கொண்டு. உபகாரமும் பாவமும் ஒரே உடலில் குடியிருப்பதைக் கிரீனுக்குப் பின் இவ்வளவு துல்லியமாகக் காட்டியவர் லெ காரேதான் என்பது நமது அபிப்பிராயம்.

நாவல்களை இவ்வளவு புகழ்ந்தபின் அவற்றின்மீது நமக்குள்ள குறையையும் சொல்லிவிடுகிறோம். அவற்றில் துன்புறுவோர் மேனாட்டாரே. மனச்சாட்சி உறுத்துவதும் மேனாட்டாருக்கே. அந்தந்த நாட்டு ஜனங்கள் மழையையும் நெல்வயலையும்போலப் பின்னே நிற்கிறார்கள். கிரீனின் நாவலில் இரண்டு வெள்ளையர் போட்டியிடும் ஃபுவோங் என்ற பெண்ணின் மனத்தில் என்ன ஓடுகிறதென்று கடைசிப் பக்கம் வரையில் நமக்குத் தெரிவதில்லை. இவெட் அம்மாளுடன் அந்தப் பள்ளத்தில் அவளுடைய மோட்டாரோட்டியும் மாண்டான். நாவலின் சமர்ப்பணப் பக்கத்தில் அவள் பெயரே இருக்கிறது.

பாகிஸ்தானில் நடந்த காரியம் இக்குறையை நன்றாக விளக்கும். ஒஸாமா பின் லாதன் அபோட்டாபாத் நகரில் ஒளிந்திருப்பதாக ஐயுற்ற சி.ஐ.ஏ., அந்த வீட்டாரின் இரத்த அடையாளத்தைப் பெறுவதற்காக 1911-ம் வருஷமல்ல, 2011-ம் வருஷத்தில், ஒரு வைத்தியரைக் கொண்டு கல்லீரல் நோய்க்கு ஊசி போடும் இயக்கம் நடத்தியது. பழைய காலத்து அநாகரிகமென்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாதென்றே வருஷத்தை அழுத்திச் சொல்கிறோம். ஏழைகள் பேட்டையில் முதல் ஊசி போட்டுவிட்டு, அடுத்தடுத்துப் போட வேண்டிய ஊசிகளை முடிக்காமலே, ஒற்றருக்கு வேண்டிய பேட்டைக்கு இயக்கத்தை மாற்றினார்கள். ஜூலையில் செய்தி வெளிப்பட்டது. தடுப்பு மருந்தைப் பற்றிய வதந்திகள் அந்நாட்டில் முன்பும் உண்டு. இப்போது வதந்திக்கு ருசு கிடைத்தது. 2012 ஜூனில் வடக்கு வஜீரிஸ்தானத்துப் போராளித் தலைவர்கள் இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தையே தடைசெய்தார்கள். அவ்வருஷம் டிஸம்பரில் கராச்சியிலும் பெஷாவர்ப் பக்கத்திலும் வீடுவீடாகச் சென்று குழந்தைகள் வாயில் சொட்டு மருந்து விட்ட பணியாளர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் அந்நாட்டுப் பெண்கள், சொற்பக் கூலிக்கு உழைத்தவர்கள். 2012-ல் 58 ஆக இருந்த இளம்பிள்ளை வாத நோயாளிகள் தொகை 2014-ல் 306 ஆயிற்று. அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கலாசாலைத் தலைவர்கள் 2013 ஜனவரியில் ஜனாதிபதிக்கு ஆட்சேபக் கடிதம் எழுதினார்கள். தடுப்பூசி இயக்கங்களை ஒற்று வேலைக்கு இனி உபயோகிப்பதில்லையென்ற வாக்குறுதி 2014 மே மாதத்தில் வந்தது. அந்தப் பெண்கள் மாண்டு அதற்குள் ஒன்றரை வருஷமாகியிருந்தது.

இதனால் அன்னிய உதவியெல்லாம் கபடமென்று கூறுவோர் நம்மவரிலும் உண்டு. அவர்கள் கட்சியில் நாம் சேரோம். "ஒற்றர்" என்ற பட்டம் கொடுங்கோலருக்கு மிகச் சௌகரியமான ஆயுதம். ஸூடான் ஜனாதிபதி பஷீர்மீது 2009 மார்ச்சில் சர்வதேசக் கிரிமினல் நீதிமன்றம் வாரண்டுப் பிறப்பித்தவுடன், அவர் பதின்மூன்று அன்னிய உதவி ஸ்தாபனங்களை, நீதிமன்றத்துக்கு உளவு சொல்வதாகக் குற்றஞ்சாட்டி, தேசத்தைவிட்டு விரட்டினார். டார்ஃபர் முகாம்களில் தண்ணீரும் மருந்தும் இல்லாமல் தவித்தவர்கள் அவருடைய பிரஜைகளே. பைல் விதைத்த சந்தேகத்தைப் பஷீர் அறுவடை செய்தாரென்றே சொல்ல வேண்டும்.

கென்னடி ஸ்தாபித்த அந்த ஏஜன்சி 2025 ஜூலை 1-ந் தேதியோடு தனி ஸ்தாபனமாக இல்லாமல் போயிற்று. எஞ்சிய வேலைகள் அமெரிக்க வெளிநாட்டு இலாகாவில் சேர்க்கப்பட்டன. அதை மூடியவர்கள் லாவோஸையோ அபோட்டாபாத்தையோ நினைத்து வெட்கி மூடவில்லை. செலவு வீண் என்றார்கள். கெட்டி அரிசி நிற்கவில்லை. நின்றது மெய்யான அரிசியும், மெய்யான மருந்தும், அவற்றைத் தலைச்சுமையாய்ச் சுமந்துசென்ற அந்தந்த நாட்டு ஆட்களின் சம்பளமுமே.

நண்பர் நமது நாவலைக் கையோடு எடுத்துச் சென்றிருக்கிறார். திருப்பித் தரும்போது, அந்தப் பாதரக்ஷைக் கட்டத்தை இரண்டு தடவை படித்ததாகச் சொல்லியனுப்பினார். பெஷாவர்த் தெருவில் சொட்டு மருந்துப் பெட்டியோடு நடந்த பெண்ணைக் கதாநாயகியாக வைத்து ஒருவர் ஒற்றர் நாவல் எழுதினால், அதை அவருக்கு நாமே விலைகொடுத்து வாங்கித் தருவதாகப் பதில் அனுப்பியிருக்கிறோம்.