கொலஸ்ட்ரோலைக் குறைக்க: குசினியில் தொடங்கவேண்டிய மாற்றங்கள்

2006இல் யுத்தம் மூண்டபோது மூதூர், தோப்பூர், சம்பூர்ப் பகுதிகளிலிருந்து பல்லாயிரம் பேர் இடம்பெயர்ந்தார்கள். ஷெல்லுக்குத் தப்பி ஊர் திரும்பியவர்களை இன்று அச்சுறுத்துவது மாரடைப்பு. இலங்கை அரச வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கு முதற்காரணம் இருதய நோய்தான். ஒருவரின் உழைப்பையே நம்பியிருக்கும் குடும்பம், அவர் விழுந்தால் மீண்டும் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

கொலஸ்ட்ரோல் உடலுக்குத் தேவையான பொருள். பெரும்பகுதியை ஈரலே உற்பத்தி செய்கிறது. ஆனால் எல்.டி.எல். என்ற வகை கூடினால் இரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து வழியை ஒடுக்கும். இதற்கு வலியோ அறிகுறியோ இல்லை. இரத்தப் பரிசோதனைதான் காட்டும். மொத்தக் கொலஸ்ட்ரோல் 200க்கும், எல்.டி.எல். 100க்கும் கீழே இருப்பது நல்லது. சலரோகமோ இருதய நோயோ உள்ளவர்களுக்கு வைத்தியர் இன்னும் குறைந்த அளவைச் சொல்லக்கூடும்.

"தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லையே" என்பார்கள். உண்மைதான். ஆனால் தேங்காயெண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை ஈரல் அகற்றுவதை அது மந்தமாக்குகிறது. அதற்காகத் தேங்காயைக் கைவிட வேண்டியதில்லை. கெட்டியான முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் கறி வைக்கலாம். பொரியலையும், கடை ரோல்ஸ், வடையையும் எப்போதாவது என்று வைத்துக்கொள்ளலாம். இறைச்சியின் கொழுப்பை வெட்டிவிட்டுச் சமைக்கலாம்.

கொட்டியாரக் குடா மீனைப் பொரிக்காமல் புளியாணமாக வைப்பது நல்லது. பருப்பு, பயறு, கௌபி, வெண்டிக்காய், கொய்யா ஆகியவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து, குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றும். புதிய பித்தநீருக்காக ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை எடுக்கும். இவை எல்லாம் சந்தையில் கிடைப்பவையே.

வயலில் முன்பு உடம்பு செய்த வேலையை இன்று இயந்திரங்கள் செய்கின்றன. எனவே நாளுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடக்கவேண்டும். பெண்கள் வளவுக்குள் நடந்தாலும் பயன் ஒன்றே. யுத்தத்தில் காலை இழந்தவர்கள் இருந்தபடியே கைப்பயிற்சி செய்யலாம். புகைத்தலை விடுவது இவை எல்லாவற்றுடனும் சேரவேண்டும்.

ஊரே மாறினால் பலன் எவ்வளவு என்பதற்குப் பின்லாந்தின் வடகரேலியா சான்று. இரண்டாம் உலகப் போரால் அடிபட்ட அந்த எல்லைப் பிரதேசத்தில், 1972இல் வெண்ணெயையும் சிகரெட்டையும் குறைக்கும் திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ 40 வருடங்களில், உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணங்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன.

பரம்பரையாகக் கொலஸ்ட்ரோல் கூடியவர்களுக்கு உணவு மாற்றம் மட்டும் போதாது. கிளினிக்கில் தந்த குளிசையை "இப்போது சுகம்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். 35 வயதைக் கடந்தவர்கள் அரச வைத்தியசாலையில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். நெஞ்சு இறுகினால், இடது கை வலித்து வியர்த்தால், வாய்வு என்று வீட்டில் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.