வாய் இறுக்கம்: வெற்றிலை போடுவோர் கவனத்திற்கு



நெல்லியடியிலானாலும் நுவரெலியாவிலானாலும் நம்மவர் வீட்டில் வெற்றிலைத் தட்டு இல்லாமல் நல்லது கெட்டது நடப்பதில்லை. கொழுந்து மலையில் குளிருக்கும் பசிக்கும் பலருக்கு அதுதான் துணை. ஆனால் அதனால் வரும் வாய் இறுக்கம் என்ற நோயைப் பலர் அறிவதில்லை. இம்முறை அதைப் பற்றிச் சொல்கிறோம்.

"நான் பொகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தானே" என்று சொல்வோர் உண்டு. இது சரியல்ல. பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. அது உள்கன்னத்துச் சதையில் நாரை அதிகமாக விளையச் செய்யும். மெல்லிய தோல் நாளடைவில் வெளுத்து, வார்போல விறைத்துவிடும். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004இல் வெளியிட்ட நூலில் கூறியுள்ளது. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

1. சம்பல், உறைப்புக் கறி பட்டதும் வாய் எரிதல்.
2. உள்கன்னம் வெளுத்து, தடவினால் நார்போலத் தட்டுப்படுதல்.
3. நாக்கை நீட்டவோ, நன்றாகக் கொட்டாவி விடவோ முடியாமை.
4. இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். மூன்றும் போகாவிட்டால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

முற்றாக இறுகிய வாய், வெற்றிலையை விட்டாலும் பழையபடி திரும்பாது. ஆரம்பத்திலேயே பாக்கை நிறுத்தினால் எரிச்சல் தணியும், மேலும் இறுகுவதையும் மட்டுப்படுத்தலாம். சிலருக்கு இந்நோய் வாய்ப் புற்றுநோயாக மாறுவதால் தவறாமல் தொடர்ந்து காட்டிவர வேண்டும்.

சிறு துண்டு சதை எடுத்துப் பார்க்க வேண்டுமென்று வைத்தியர் சொன்னால் பயப்பட வேண்டாம். "கத்தி பட்டா பரவும்" என்பது வீண் பேச்சு. வாயில் வரும் கட்டியெல்லாம் புற்றுநோயுமல்ல. காசநோயாலும், சார்கோயிடோசிஸ் என்ற அரிய நோயாலும்கூடக் கட்டி வரலாம். கண்ணால் பார்த்து மட்டும் இன்னதென்று தீர்மானிக்க இயலாது.

மலையகத்தில் உள்ளவர்கள் பக்கத்து அரசாங்க வைத்தியசாலைப் பல் பிரிவில் காட்டி, தேவையானால் பேராதனை பல் வைத்தியசாலைக்குத் துண்டு வாங்கிச் செல்லலாம். நெல்லியடிப் பக்கம் கடை வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை கிட்டியது. அரசாங்க வைத்தியசாலையில் காட்டப் பணம் தேவையில்லை. ஒருநாள் பேர் போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள்.

மலையில் வாய் கேட்டால் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். பசித்தால் ரொட்டித் துண்டு சாப்பிடுங்கள். பாட்டிமார் ஆசைக்காகப் பேரப்பிள்ளை வாயில் ஒரு கிள்ளு வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. விருந்தாளிக்கு மரியாதையாக வெற்றிலை தட்டில் இருக்கட்டும், வாய்க்கு வேண்டாம்.