ஏரிக்குப் போகும் நாளில் என்ன நடக்கிறது?

உத்தராகண்டில் உத்தரகாசி, தெஹ்ரி மாவட்டங்களின் எல்லையில், சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் சஹஸ்திர தால் என்ற ஏரிக்கூட்டம் இருக்கிறது. 2024 ஜூன் 3 அன்று 22 பேர் கொண்ட குழு ஒன்று அங்கே போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மூவர் உள்ளூர் வழிகாட்டிகள். மற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். பிற்பகலில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. வழி தெரியவில்லை, கூடாரங்களுக்குப் போய்ச் சேர முடியவில்லை. இரவை வெட்டவெளியில் கழித்தார்கள். செல்போன் சிக்னல் இல்லாத இடம் என்பதால் செய்தி வெளியே தெரியவே மறுநாள் ஆகிவிட்டது. விமானப்படை ஹெலிகாப்டர்களும் மாநிலப் பேரிடர் மீட்புப் படையும் முயன்று 13 பேரைக் காப்பாற்றினார்கள். 9 பேர் இறந்துவிட்டார்கள். இறந்தவர்களில் இளையவருக்கு வயது 34, மூத்தவருக்கு 71.

பள்ளத்தாக்கில் விழுந்தோ பனிச்சரிவில் புதைந்தோ நேர்ந்த சாவுகள் அல்ல இவை. குளிர்தான் காரணம். அந்த நாட்களில் வட இந்தியச் சமவெளி வெப்ப அலையில் தவித்துக்கொண்டிருந்தது.

சஹஸ்திர தால் மட்டுமல்ல, காஷ்மீரில் சோனமர்க்கிலிருந்து விஷன்சர், கிஷன்சர், கட்சர், கங்காபல் ஏரிகள் வழியாக நாராநாக் வரை போகும் பாதையில் இப்போது தமிழ்நாட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஏராளமானவர்கள் நடக்கிறார்கள். விளம்பரங்களில் இத்தகைய பயணங்களுக்குப் பெரும்பாலும் ‘எளிது’, ‘நடுத்தரம்’ என்ற தரம்தான் தரப்படுகிறது. அந்தத் தரம் பாதையைப் பற்றியது. கயிறு வேண்டாம், பாறை ஏற வேண்டாம், ஓரளவு நடைப்பழக்கம் போதும் என்பது அதன் பொருள். வானிலை மாறினால் ஒதுங்க இடம் உண்டா என்பதை அது சொல்வதில்லை. மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலேதான் இந்த ஏரிகள் எல்லாம் இருக்கின்றன. சுற்றிலும் புல்வெளி, பாறைச் சிதறல், காற்று. கட்சர் போன்ற ஏரிக்கு இரண்டு பக்கமும் கணவாய்; எந்தப் பக்கம் வெளியேறினாலும் முதலில் ஏறித்தான் ஆக வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஏரியைப் பார்க்கப் போகும் அந்த ஒரு நாள். பல பயணங்களில் கடைசி முகாமில் கூடாரம், தூக்கப்பை, அடுப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தண்ணீரும் மதிய உணவும் மட்டும் வைத்த சின்னப் பையோடு விடியற்காலையில் கிளம்புவார்கள். சுமை குறைவு, நடை வேகம் என்பதால் அது வசதியாகத் தெரியும். ஆனால் மொத்தப் பயணத்தில் மிக உயரமான, மிக நீளமான, ஒதுங்க இடமே இல்லாத நாள் அதுதான். உயிரைக் காக்கும் பொருட்கள் அத்தனையும் பல மணி நேர நடைக்கு அப்பால் கிடக்கும் நாளும் அதுதான்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். சமவெளியில் 40 டிகிரி என்றால் 4,400 மீட்டரில் கணக்குப்படி 11, 12 டிகிரி. வெயில் அடித்தால் அது இதமாகவே இருக்கும், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடப்போம். மேகம் மூடிப் பனி விழத் தொடங்கினால் சிறிது நேரத்தில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பூஜ்ய டிகிரியில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 9 டிகிரிக்குச் சமம். இதில் உடை நனைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். மேலே எவ்வளவு விலையுயர்ந்த ஜாக்கெட் போட்டிருந்தாலும் உள்ளே ஏற்றத்தில் வியர்த்து ஊறிய பருத்தி பனியன் இருந்தால், குளிரை முதலில் உள்ளே விடுவது அந்தப் பனியன்தான்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு ஹைப்போதெர்மியா என்று பெயர். முதலில் பலமான நடுக்கம் வரும். பிறகு விரல்கள் சொன்னபடி கேட்காது: பையின் பக்கிள் கழலாது, ஜிப்பின் முனை பிடிபடாது, உறைக்குள் இருக்கும் டார்ச்சை எடுக்க முடியாது. பேச்சு குழறும், கால் இடறும். இன்னும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். ‘இப்போது பரவாயில்லை போலிருக்கிறது’ என்று உடனிருப்பவர் நினைக்கும் அந்த நேரம்தான் மிக ஆபத்தானது. சிலர் கடைசிக் கட்டத்தில் உடம்பு எரிவதாக உணர்ந்து உடையைக் களையவும் செய்வார்கள்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல்களைத் தொடும்படி நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் அதைச் சாதாரணக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. உயரத்தால் மூளையில் நீர் கோக்கும்போதும் இதே தள்ளாட்டம்தான் வரும். குளிரா உயரமா என்று மேலே நின்று ஆராய வேண்டியதில்லை. காற்றிலிருந்து மறைத்து, ஈரத்தைக் களைந்து, உலர்ந்த உடை போட்டு, நினைவு இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுத்து, கூடிய சீக்கிரம் கீழே கொண்டுபோக வேண்டும். கைகால்களைத் தேய்க்கக் கூடாது. மது கூடவே கூடாது.

உயரம் பற்றித் தென்னிந்தியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695. அதற்கு மேல் நமக்கு மலை இல்லை. உயர நோய் பொதுவாகத் தலைகாட்டத் தொடங்குவது 2,500 மீட்டருக்கு மேலேதான். வெள்ளியங்கிரி ஏறியதும், மாரத்தான் ஓடியதும் காலுக்கு வலு தரும். ஆனால் 4,400 மீட்டரில், கடல் மட்டத்தில் கிடைப்பதில் அறுபது சதவீதத்துக்கும் குறைவாகவே கிடைக்கும் ஆக்சிஜனுக்கு அவை உடம்பைப் பழக்காது. நல்ல உடற்கட்டு உள்ளவர் வேகமாக ஏறி முதலில் படுத்துக்கொள்வதும் உண்டு. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். விடுமுறை நாட்களுக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக இந்த ஓய்வு நாளை வெட்டிய பயணத் திட்டங்களை நம்பாதீர்கள்.

குளிரும் சரி, ஆக்சிஜன் குறைவும் சரி, முதலில் கெடுப்பது நிதானமாக முடிவெடுக்கும் திறனை. அதனால் திரும்பும் நேரத்தை முகாமிலேயே, தெளிவான தலையோடு குறித்துக்கொள்ள வேண்டும். ஏரி இன்னும் அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்றாலும், குறித்த நேரம் ஆகிவிட்டால் திரும்பிவிட வேண்டும். மலையில் வானிலை பெரும்பாலும் பிற்பகலில்தான் கெடும். குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தில் கணக்குப் போட வேண்டும், வழிகாட்டியின் வேகத்தில் அல்ல. அந்தச் சின்னப் பையில் உலர்ந்த கம்பளி உள்ளாடை, மழைக்கோட்டு, கையுறை, தலைவிளக்கு இருக்கட்டும். குழு முழுவதும் சேர்ந்து உட்கார்ந்து மூடிக்கொள்ளும் அளவுக்குத் தார்ப்பாய்களும் ஓரிரு தூக்கப்பைகளும் பொதுச் சுமையாக வரட்டும்.

வெளிநாட்டு மலையேறிகள் கையோடு வைத்திருக்கும் சாட்டிலைட் செய்திக் கருவிகளை இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். கொண்டுவந்தவர்கள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். எனவே மேலே ஏதாவது நடந்தால் ஒருவர் சிக்னல் கிடைக்கும் இடம் வரை நடந்துபோய்த்தான் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 23 பேரின் உயிரைக் காட்டுத்தீ கொண்டுபோன பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. ஆனால் இமயமலையில் நீங்கள் கேட்காவிட்டால் பல விஷயங்களை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஏரி நாளில் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? தார்ப்பாயும் தூக்கப்பையும் மேலே வருமா? சிக்னல் கிடைக்கும் மிக அருகிலான இடம் எது, அங்கே போக எத்தனை மணி நேரம், யார் போவார்கள்? வழிகாட்டி அந்தப் பாதையில் இதற்குமுன் எத்தனை முறை போயிருக்கிறார்? உங்கள் காப்பீட்டில் உயர வரம்பு உண்டா என்பதையும் பாருங்கள். ‘அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் அந்த நிறுவனத்தோடு போகாதீர்கள்.